கச்சேரிச் சுவரும் கசெட்டுத் தாளும்

தீர்வை பாக்கிவைத்த குடியானவன் ஒருவனுடைய நிலத்தை ஏலம் போடுவதற்கு முன் சர்க்கார் என்னென்ன செய்தாக வேண்டும் என்பதைச் சென்னை ராஜதானியின் 1864ஆம் வருஷத்து இரண்டாவது சட்டம், அதாவது வருவாய் வசூல் சட்டம், வெகு நுணுக்கமாக வகுத்துரைக்கிறது. பாக்கிக்காரனுடைய பெயர், நிலம் இருக்கும் இடம், அதன் விஸ்தீரணம், அதன்மேல் விதிக்கப்பட்ட தீர்வை, நடப்புப் பசலியில் இனிச் செலுத்த வேண்டியதாக நிற்கும் பங்கு, ஏலம் நடக்கும் காலம், இடம், நிபந்தனைகள் ஆகிய யாவும் அடங்கிய விளம்பரம் ஒன்று இங்கிலீஷிலும் ஜில்லாவில் வழங்கும் பாஷையிலும் எழுதப்பட்டு, ஏலத்துக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் முன்னதாகவே நான்கு இடங்களில் ஒட்டப்பட வேண்டும். கலெக்டர் கச்சேரி ஓர் இடம். தாலூகா கச்சேரி இரண்டாவது. அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷன் மூன்றாவது. அந்த நிலத்திலேயே பார்ப்பவர் கண்ணில் படக்கூடிய ஒரு பகுதி நான்காவது.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் நிற்கிற பிரதேசத்தில், அக்காலத்தில் நெல்லும் கேழ்வரகும் பயிரிட்டுக்கொண்டிருந்த ஒரு சிறு குடியானவனுடைய நிலைமையைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி அப்போது தனித் தாலூகா அன்று. பொன்னேரித் தாலூகாவின் வடபகுதி. ஜில்லாவுக்குப் பெயர் செங்கற்பட்டாயினும், கலெக்டருடைய கச்சேரி நெடுங்காலம் இருந்தது சைதாப்பேட்டையில். வடகோடியிலிருந்து போகிறவன் சென்னைப் பட்டணம் முழுவதையும் கடந்தாலன்றி அங்கே சேர முடியாது. ஆகவே சட்டம் குறித்த நான்கு இடங்களில் இரண்டு அவனுடைய நடைக்கு எட்டாதவை. மூன்றாவதாகிய போலீஸ் ஸ்டேஷன், தக்க காரணமின்றி எந்தக் குடியானவனும் எட்டிப்பார்க்க விரும்பாத இடம். எஞ்சியது அவனுடைய வயல். அங்கே காற்றுக்கும் மழைக்கும் மாட்டின் வாய்க்கும் தப்பி நின்ற காகிதத்தை அவன் கண்டானென்றே வைத்துக்கொண்டாலும், அதைப் படித்துச் சொல்ல ஊர்க் கணக்கரான கர்ணத்தைத்தான் தேடிப்போக வேண்டும். தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டுக்குள் கலந்து பேசப்படுகிற அந்த எல்லைப்புறத்தில் ஜில்லாவின் பாஷை என்று சர்க்கார் கொண்டது தமிழை; தாய்மொழி தெலுங்காக இருந்தவனுக்கு அந்த வகையில் இன்னும் ஒரு சங்கடம்.

அவன் படித்தானா, கேட்டானா, விளங்கிக்கொண்டானா என்று சட்டம் கேட்கவில்லை. ஒட்டப்பட்டதா என்றே கேட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ராஜாங்க விளம்பரங்களைப் பற்றி எவ்வளவு பேசினாலும் இந்த ஒரு விஷயத்துக்கே திரும்பி வர வேண்டியிருக்கிறது. விளம்பரம் என்பது குடிகளுக்குச் செய்தி சொல்லும் கருவி என்று நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். சர்க்காருக்கோ அது, தான் சொல்லிவிட்டதற்குத் தானே தயாரித்து வைத்துக்கொள்ளும் சாட்சி. ஆனால் அந்தச் சாட்சி இல்லாமற்போனால் சர்க்காருடைய கையும் கட்டப்பட்டுப் போகும் என்பதையும் உடனே சேர்த்துச் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. குறித்தபடி விளம்பரம் செய்யாத ஏலத்தைத் தாக்கி வழக்காட இடமிருந்தது. நவாபுகளின் காலத்தில் வசூலுக்கு வந்து நின்ற அமுல்தாரிடம் இப்படி எழுத்தைக் காட்டி வாதாடியிருக்க முடியாது.

கசெட்டு என்னும் அச்சுப் பத்திரம் இந்த ஏற்பாட்டின் சிகரம். அதன் வம்சம் பழையது. லண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்த 1665ஆம் வருஷத்தில், அரசருடைய சபை ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்தபோது அங்கே தொடங்கிய பத்திரமே பின்னர் லண்டன் கசெட்டாயிற்று. சென்னையில் கும்பினியார் முதலில் சொந்தப் பத்திரம் நடத்தவில்லை. அரசாங்க அச்சுவேலையைப் பார்த்துவந்த ரிச்சர்ட் ஜான்ஸ்டன் என்பவர் 1785இல் மெட்ராஸ் கூரியர் என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தபோது, சர்க்கார் அறிவிப்புகளும் அதிலேயே இடம்பெற்றன. கப்பல் வரவுக்கும் ஒயின் விற்பனைக்கும் நடுவே ராஜாங்க உத்தரவு கிடந்த காலம் அது. பிறகு 1832இல் கோட்டையின் பெயரையே தாங்கி, புனித ஜார்ஜ் கோட்டை கசெட்டு வெளிவரலாயிற்று. கடலுக்கு அப்பால் இலங்கையில் இந்தக் காரியம் முப்பது வருஷத்துக்கு முன்பே, 1802ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நடந்துவிட்டது. சிறிய தீவு முந்திக்கொண்டதும் பெரிய ராஜதானி பிந்தியதும் சற்று வேடிக்கைதான்.

கோட்டை கசெட்டில் இடம்பெற்ற விஷயங்களுக்கு எல்லையில்லை. உத்தியோகஸ்தர்களுடைய நியமனம், மாற்றல், ரஜா. புதுச் சட்டங்களும் மசோதாக்களும். ரஸ்தாவுக்கும் ரயிலுக்கும் எடுக்கப்படும் நிலங்களின் விவரம். சர்வகலாசாலைப் பரீட்சைகளில் தேறியவர்களின் பட்டியல். கசெட்டில் பெயர் வந்துவிட்டது என்று ஒரு வாலிபனைப் பற்றி ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் உண்டு. கெஜடெட் ஆபீசர் என்ற பட்டத்துக்கு நம் ஜனங்களிடையே இன்றும் இருக்கிற மதிப்பு அந்தத் தாளிலிருந்து பிறந்ததே.

கோட்டை கசெட்டுக்குக் கீழே ஜில்லாக்களுக்கென்று தனித்தனிக் கசெட்டுகளும் இருந்தன. பாக்கிக்காக நிலத்தை ஜப்தி செய்யும்போது அந்தச் செய்தி நிலத்தில் பகிரங்கமாகக் கூறப்படுவதோடு ஜில்லா கசெட்டிலும் பிரசுரமாக வேண்டும் என்று மேலே கண்ட 1864ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லுகிறது. ஆனால் எழுத்து வாசனையோ ஊர்களில் வெகு சொற்பம். அந்தச் சட்டம் வந்து முப்பத்தேழு வருஷம் கழித்து 1901இல் எடுத்த குடிக்கணக்கிலேகூட, சென்னை ராஜதானியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல்; பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆதலால் காகிதத்துக்குத் துணையாகத் தமுக்கு வேண்டியிருந்தது.

தமுக்கைச் சர்க்கார் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இந்நாட்டு அரசர்கள் முரசறைந்து செய்தி சொல்லிவந்த வழக்கத்தை அப்படியே எடுத்துச் சட்டப் புஸ்தகத்தில் ஏற்றிக்கொண்டது. 1871ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டத்தைப் பாருங்கள். பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைத்து ஏழு நாளாகியும் சொந்தக்காரன் வராவிட்டால், மாட்டின் அடையாளம், பிடித்த இடம், அடைத்த இடம் ஆகியவற்றைக் குறித்து விளம்பரம் ஒட்டி, பிடித்த இடத்துக்கு அருகிலுள்ள கிராமத்திலும் சந்தையிலும் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் ஏழு நாள் பொறுத்துத்தான் ஏலம். காணாமற்போன ஒரு கறவை மாட்டுக்குக் காட்டப்பட்ட இந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இது காகிதத்தை நம்பாமல் காதை நம்பிய சட்டம்.

தமுக்கடித்தவர் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்த கிராம ஊழியர். ஊராருக்குச் சர்க்காருடைய வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த மனிதருக்கும் அவருடைய ஜனங்களுக்கும் அதே சர்க்காருடைய விளம்பரங்களால் என்ன பயன் விளைந்தது என்பதற்குச் செங்கற்பட்டு ஜில்லாவிலேயே கசப்பான ஆதாரம் இருக்கிறது. தரிசு நிலத்தைப் பயிரிட விரும்புகிறவன் தாலூகாவில் தர்க்காஸ்து கொடுக்க வேண்டும் என்பது அக்காலத்து முறை. அந்த மனு வந்திருக்கிற செய்தி ஊரில் தெரிவிக்கப்படும். செங்கற்பட்டிலோ மிராசுதார்களுக்கு ஊர்த் தரிசின்மேல் முன்னுரிமை இருந்தது. ஆகவே சேரியைச் சேர்ந்த ஒருவர் நிலம் கேட்டு மனுப் போட்டார் என்ற விளம்பரம், அந்த நிலம் அவருக்குப் போய்ச் சேராமல் தடுக்க மிராசுதாருக்குக் கொடுத்த முன்னெச்சரிக்கையாகவே முடிந்தது. கேட்டவர் கூலியாள், தடுத்தவர் அவருக்கு நாள்தோறும் கூலி அளக்கிறவர். பொன்னேரியும் திருவள்ளூரும் அடங்கிய இந்த ஜில்லாவின் கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர் 1891இல் செங்கற்பட்டுப் பறையர்களின் நிலைமையைக் குறித்துச் சர்க்காருக்கு விரிவான ஒரு குறிப்பு எழுதி, மற்றக் கொடுமைகளோடு இதையும் எடுத்துக் காட்டினார். அதன்பின், 1892ஆம் வருஷம் செப்டம்பர் 30ஆம் தேதி 1010 என்ற எண்ணுள்ள உத்தரவு பிறந்தது. பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற நிலங்களுக்கு வித்து அதுவே. விளம்பரம் எல்லாருக்கும் பொதுவானதுதான். அதைக் கொண்டு காரியம் சாதிக்கும் வல்லமை பொதுவாக இருக்கவில்லை.

காட்டு விஷயத்திலும் ஏறக்குறைய இதே கதை. 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டத்தின்படி ஒரு நிலப்பரப்பைக் காப்புக்காடாக்கச் சர்க்கார் எண்ணினால், அந்த எண்ணத்தை முதலில் கசெட்டில் வெளியிட வேண்டும். பிறகு நிர்ணய அதிகாரி தாலூகாவின் தலைமை ஊரிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் பிரகடனம் செய்து, உரிமை கொண்டாடுகிறவர்கள் வந்து சொல்ல மூன்று மாதத்துக்குக் குறையாத தவணை கொடுக்க வேண்டும். தவணைக்குள் சொல்லாத உரிமை அற்றுப்போகும். தலைமுறை தலைமுறையாக விறகு பொறுக்கியும் ஆடு மேய்த்தும் வந்த ஒருவனுக்கு, தான் செய்துவருவது உரிமை என்றும் அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்றும் எப்படித் தோன்றும்? இலங்கையில் 1897இல் வந்த தரிசு நிலச் சட்டமும் இதே மூன்று மாதத் தவணையைத்தான் வைத்தது. அதற்குள் எவரும் பாத்தியம் சொல்லாவிட்டால் நிலம் முடிக்குச் சொந்தம். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் இந்த உபாயம் காலனி நாடுகளில் நன்றாகப் பழகிப்போன ஒன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, விளம்பரம் ஜனங்களின் காதில் உண்மையாகவே விழுந்த ஒரு சந்தர்ப்பத்தையும் சொல்லாமல் விடலாகாது. தீர்வை வசூலிக்கக் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று பார்லிமெண்டு வரையில் புகார் எழுந்ததன் பேரில், 1854இல் சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. துன்பப்பட்டவர்கள் நேரிலோ கடிதத்திலோ முறையிடலாம் என்று அவர்கள் தேசபாஷைகளிலும் விளம்பரம் செய்தார்கள். காலம் சில மாதங்களே. ஆயினும் ஏறத்தாழ 2000 முறையீடுகள் வந்து குவிந்தன. நூற்றுக்கணக்கானோர் நேரிலேயே வந்தார்கள், அவர்களில் வெகுதூரம் நடந்தே வந்தவர்களும் உண்டு. படிப்பில்லாத நாடு என்று சொல்லப்பட்ட அதே நாட்டில், தன் குறையைக் கேட்க ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. நிலத்தை எடுக்கும் விளம்பரம் பரவாமல் நியாயம் தரும் விளம்பரம் மட்டும் பரவியதற்கு ஜனங்களின் சோம்பலையோ அறியாமையையோ காரணமாகக் காட்டுவது எனக்கு ஒப்பாது. பயன் உண்டென்று தோன்றினால் வாய்வார்த்தையே காட்டுத்தீயைவிட வேகமாய்ப் பற்றிக்கொள்கிறது.

இனி நிலம் எடுக்கும் விளம்பரத்துக்கு வருவோம். தொழிற்பேட்டைப் பிரதேசத்தின் சரித்திரத்தை எழுதியது அதுவே. ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி திறக்கப்பட்டது. பொதுக் காரியங்களுக்கு நிலம் எடுப்பதற்கென்று சென்னை ராஜதானிக்கு 1852இலேயே ஒரு சட்டம் உண்டாகியிருந்தது. 1857இலும் 1870இலும் வேறு சட்டங்கள் வந்து மாறி, கடைசியில் 1894ஆம் வருஷத்து முதல் சட்டமாக நிலைத்தது, நூற்றிருபது வருஷம் நம்மை ஆண்ட நில எடுப்புச் சட்டம். அதன் நான்காவது பிரிவு, இன்ன இடத்தில் நிலம் தேவைப்படலாம் என்று கசெட்டில் அறிவிக்கச் செய்வது. ஆறாவது பிரிவு, தேவைதான் என்று உறுதியாகப் பிரகடனம் செய்வது. நான்கு ஒன் நோட்டிபிகேஷன், சிக்ஸ் டிக்ளரேஷன் என்று இப்பக்கத்தில் நிலம் இழந்த பெரியவர்கள் இங்கிலீஷ் அறியாமலே சொல்லுவதைக் கேட்கலாம். ஆட்சேபிக்கிறவனுக்கு முப்பது நாள் தவணையும் விசாரணையும் அளிக்கும் 5ஏ பிரிவு 1923இல்தான் புகுந்தது. அதாவது சட்டம் பிறந்து இருபத்தொன்பது வருஷம் வரையில் கசெட்டு பேசும், எதிர்வாதம் பேச இடமில்லை. இரண்டு தினசரிகளில், அவற்றில் ஒன்றேனும் பிரதேச மொழியில், வெளியிட வேண்டும் என்ற விதி வர 1984 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சிப்காட் என்னும் சர்க்கார் ஸ்தாபனம் 1971இல் ஏற்பட்டு, பிறகு கும்மிடிப்பூண்டியில் தொழில் வளாகம் அமைத்தபோது நடைமுறையில் இருந்தது இந்தச் சட்டந்தான். கல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் சென்னைத் துறைமுகத்தின் அண்மையும் சேர்ந்து அவ்விடத்தைப் பொறுக்கியெடுக்கச் செய்தன. வயலின் சர்வே நம்பர் கசெட்டில் ஒரு வரியாக அச்சேறிற்று. இரும்புருக்காலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் பின்னே வந்தன. அதே தாலூகாவின் தேர்வாய்கண்டிகையில் பிற்காலத்தில் சுமார் 1100 ஏக்கரில் தொழிற்பூங்கா எழுந்தபோது நிலைமை வேறு. அங்கே எடுக்கப்பட்டது பெரும்பாலும் ஊர்க் கால்நடைகள் மேய்ந்துவந்த பொது நிலம். பட்டா இல்லாத நிலத்துக்குச் சொந்தக்காரன் கிடையாது. சொந்தக்காரன் இல்லாவிடில் அவன் பெயருக்கு நோட்டீசும் கிடையாது. கிராமத்தார் நெடுநாள் போராடினார்கள். வனச் சட்டத்தின் மூன்று மாதத் தவணையாவது மேய்ச்சலை ஓர் உரிமையாகச் சொல்லிக்கொள்ள வாசல் திறந்துவைத்திருந்தது என்று இவ்விடத்தில் நினைவு வருகிறது.

விளம்பரமில்லாத சட்டம் சட்டமே அன்று என்று சுதந்திர இந்தியாவின் நீதிமன்றம் சொன்ன கதையும் உண்டு. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் மந்திரி சபை 1923இல் அபினிச் சட்டம் ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டது. எந்தக் கசெட்டிலும் அது வெளியாகவில்லை. பல வருஷம் கழித்து அதன்கீழ் ஒருவருக்கு 50 ரூபாய் அபராதம் விதிக்கப்பட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று. அறிந்துகொள்ள வழியே இல்லாத சட்டத்தைக்கொண்டு ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று 1951இல் நீதிபதி விவியன் போஸ் தீர்ப்புச் சொன்னார். கசெட்டில் போட்டால் மட்டும் போதாது, நிலம் இருக்கும் இடத்திலும் அறிவிப்பின் சாரத்தைத் தெரிவித்தே ஆக வேண்டும், இல்லையேல் நில எடுப்பே செல்லாது என்று 1960களில் அதே நீதிமன்றம் கூறியது. சாட்சிக் காகிதமாக மட்டும் இருந்த விளம்பரத்தைச் செய்தியாக்க முயன்ற தீர்ப்புகள் இவை.

தமுக்கின் காலம் முடிந்துவிட்டது. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு 2022ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தலைமைச் செயலாளராயிருந்த இறையன்பு கலெக்டர்களுக்கு எழுதினார். ஒரு வகுப்பாரின் தலையில் அந்த வேலையைச் சுமத்திவந்த இழிவை எண்ணினால், மிகவும் தாமதமாக வந்த நல்ல காரியம். கர்ணமும் கிராம முன்சீபும் 1980இலேயே போய்விட்டார்கள். கோட்டையின் பெயரைத் தாங்கிய கசெட்டு, தமிழ்நாடு அரசிதழாகி வாரந்தோறும் வருகிறது. பெயரை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் கட்டணம் கட்டி அதில் விளம்பரம் செய்துகொள்ளுகிறார்கள். சாதாரண ஜனங்களில் பலருக்கு அரசிதழோடு உள்ள சம்பந்தம் அவ்வளவே.

ஆனால் அதன் வல்லமை குறைந்துவிட்டதென்று எவரும் எண்ண வேண்டாம். 1894ஆம் வருஷத்துச் சட்டத்தில் கலெக்டர் நஷ்டஈட்டை நிர்ணயித்து, பிறகு சுவாதீனம் எடுத்துக்கொண்ட பின்னரே நிலம் பொதுவாகச் சர்க்காரைச் சேர்ந்தது. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுப்பதற்கென்று தமிழ்நாடு இயற்றிய 1997ஆம் வருஷத்துச் சட்டத்திலோ, சொந்தக்காரருக்குக் காரணம் கேட்கும் நோட்டீசு கொடுத்து விசாரணை முடித்த பிறகு, மூன்றாவது பிரிவின்கீழ் அரசிதழில் அறிவிப்பு வெளியாகும் அந்தத் தேதியிலேயே நிலம் எல்லா வில்லங்கமும் நீங்கி அரசாங்கத்துக்குச் சொந்தமாகிவிடுகிறது. பஞ்சாயத்து அலுவலகங்களிலும் இணையதளத்திலும் உள்ளூர் மொழியில் அறிவிப்பை வெளியிட்டு, ஆட்சேபனைக்கு அறுபது நாள் தரும்படி 2013ஆம் வருஷத்து மத்திய சட்டம் சொல்லுகிறதாயினும், அதற்கு விலக்காக மாநிலச் சட்டம் தனி வழியில் நிற்கிறது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. சட்டசபை அவ்வருஷமே திரும்ப உயிர்ப்பித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அந்த உயிர்ப்பித்தலை அங்கீகரித்தது. ஆதலால் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் தொழிலுக்காக நிலம் எடுக்கப்படுமென்று பேச்சு அடிபடுகிற கிராமம் எதிலும், பட்டாவும் சிட்டாவும் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்வதோடு, காரணம் கேட்கும் மூன்று இரண்டு நோட்டீசு வந்துவிட்டதா, நிலத்தைச் சர்க்காருக்குச் சொந்தமாக்கும் மூன்று ஒன்று அறிவிப்பு எந்தத் தேதியில் அரசிதழில் ஏறியது என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நஷ்டஈட்டுக்கு விலை கணக்கிடுவதும் உரிமை கைமாறுவதும் அந்தத் தேதிகளை ஒட்டியே நிற்கும்.